வல்லாரை வந்த வழி

கோப்பாயில் செல்வநாயகியின் முற்றத்தைப் பற்றி ஒருவரும் குறை சொன்னது கிடையாது. சொல்ல வாய் வராது. மூன்று மாமரம், ஒரு பிலா, கிணற்றடியில் ஒரு வேம்பு என்று நிழல் கட்டிக் கிடக்கிற வளவு அது. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கும் வெளிச்சம் சில்லறையாகத்தான் கீழே விழும். இலை மட்டும் மொத்தமாக விழும். காலையில் ஒருமுறை, பின்னேரம் விளக்கு வைக்க முதல் ஒருமுறை என்று, காய்ச்சல் வந்தாலும் பெருநாள் வந்தாலும், அவள் கூட்டினாள். ஈர்க்கு விளக்குமாற்றின் கோடுகள் மணலில் வரிவரியாய்க் கிடக்கும். அதற்கு மேலால் கோழி நடந்தால் கோழிக்குப் பேச்சு விழும். கலியாண வீட்டுக்குப் போய்வந்தால் சோறு கறி எப்படி என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை. அந்த வீட்டு முற்றம் கூட்டின சீரைத்தான் சொல்லுவாள்.

அப்படிப்பட்டவள் போன ஆடியில், கச்சான் காற்று பேயாட்டம் ஆடிய ஒரு காலையில், குப்பைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது பிலா வேரில் கால் தடக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துபோயிற்று. பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து, பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். வான் வண்டியிலிருந்து இறக்கி விறாந்தைக் கதிரையில் இருத்தியதும் அவள் முதலில் பார்த்தது முற்றத்தைத்தான். பன்னிரண்டு நாள் இலை அங்கே கிடந்தது.

"ஐயோ!" என்றாள். விழுந்த நேரம்கூட அவள் அப்படிக் கத்தவில்லையாம்.

புருசன் சீவரத்தினத்துக்கு எழுபது வயது. நாற்பத்தைந்து வருடம் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வைத்த மனிசன். போன வருடம்தான் தோட்டத்தைத் தமக்கையின் மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு நின்றார். பிள்ளைகள் இரண்டும் ரொறன்ரோவில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கொத்தச் சொன்னால் கொத்துவார், இறைக்கச் சொன்னால் இறைப்பார், மரத்தில் ஏறச் சொன்னால் இந்த வயதிலும் ஏறிப் பார்ப்பார். முற்றம் கூட்டுவது மட்டும் அவர் கைக்கு வராத வேலை. ஆனாலும் அடுத்த நாள் காலை சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தார். மனிசி கதிரையில் இருந்துகொண்டு பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உது கூட்டிறதில்லை. புழுதி கிளப்பிறது."

"கூட்டிக்கொண்டுதானே இருக்கிறன்."

"விளக்குமாத்தைச் சரிச்சுப் பிடிக்க வேணும். உப்பிடிக் குத்தப்படாது. அந்த மூலை... அங்கை இல்லை, பிலாவுக்குப் பின்னாலை. ஐயோ, கூட்டின இடத்தை மிதிக்கிறியளே!"

"பின்னை, நான் பறந்தே வாறது?"

"பின்னுக்குப் பின்னுக்கு நடந்து கூட்ட வேணும். நாப்பத்து மூண்டு வருசமாப் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதுதான் பிழை, பார்த்த வேலை கைக்கு வராது. ஒரு மணித்தியாலம் கூட்டி இடுப்பு நாரியை நிமிர்த்தினால், மாமரம் அதற்கிடையில் இருபது இலையைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கும். அவர் அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார். அவள் கீழே இலையைப் பார்ப்பாள். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் தனுஷிகா பெரியாஸ்பத்திரியில் பிசியோ வேலை செய்கிற பிள்ளை. கெட்டிக்காரி, வாய்க்காரி. வேலை முடிந்து வரும் வழியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து, செல்வநாயகியை வோக்கரில் பிடித்து எழுப்பி, விறாந்தையில் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல் மட்டும் நடக்கவைப்பாள். வீட்டுக்குள்ளே மனிசி மறுக்காமல் நடந்தாள். விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு மூன்று படி. அந்தப் படியடிக்கு வந்ததும் வோக்கர் நின்றுவிடும்.

"அன்ரி, வீட்டுக்குள்ளை நாலு அடி நடந்து காணாது. மண்ணிலை நடக்க வேணும். மேடு பள்ளத்திலை நடந்தாத்தான் கால் வரும்."

"மண் எங்கை பிள்ளை கிடக்கு? குப்பையெல்லோ கிடக்கு. அதுக்குள்ளை நான் கால் வைக்க மாட்டன்."

"அங்கிள் கூட்டித்தானே விட்டிருக்கிறார்?"

"அவர் கூட்டினதுக்குத்தான் குப்பை எண்டு பேர்."

போகும்போது வாசல் படலையடியில் வைத்துப் பிள்ளை குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அங்கிள், மார்கழிக்கிடையிலை அன்ரி இறங்கி நடக்க வேணும். எலும்பெல்லாம் நல்லாப் பொருந்தியிருக்கு. அவவுக்கு மனம்தான் வரேல்லை. இப்ப விட்டா, பிறகு கால் இறுகிப்போகும். அதுக்குப் பிறகு கதிரையும் கட்டிலும்தான்."

சீவரத்தினத்துக்குப் பயம் வந்தது. வெங்காயம் அழுகின வருடங்களிலும் செல் விழுந்த சண்டை வருடங்களிலும் வராத பயம். அன்று இராச் சாப்பாட்டைப் பிசைந்தபடி இருந்தார், இறங்கவில்லை. எந்த நேரமும் கால் நிலத்தில் நிற்காமல் திரிந்தவள், இனிமேல் கட்டிலில் கிடந்துகொண்டு கூரைத் தீராந்தியைப் பார்ப்பாள் என்று நினைத்ததும் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார்.

அவரும் கேட்காத விதம் இல்லை.

"இஞ்சாரும், ஒருக்கா இறங்கிப் பாருமன்."

"என்னத்தைப் பாக்க? இஞ்சை இருந்தே வடிவாத் தெரியுது."

"நான் பிடிக்கிறன் எல்லோ."

"நீங்கள் முதல் விளக்குமாத்தைப் பிடிக்கப் பழகுங்கோ."

இப்படியே ஆவணி பிறந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் குணலட்சுமியிடம் முருங்கைக்காய் வாங்கப் போன நாளில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அவளுடைய கிணற்றடியிலும் ஒரு பெரிய பிலா. அதன் கீழே மண் கண்ணுக்குத் தெரியாமல் வல்லாரை. வட்ட வட்ட இலை, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, பச்சைப் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே ஒரு பழுத்த பிலா இலை வந்து அதற்குமேல் விழுந்து, சரிந்து, உள்ளே போய்விட்டது. காணவில்லை!

"குணம், உதை ஆர் கூட்டிறது?"

"எதை அண்ணை?"

"உந்த இலையளை."

"ஆர் கூட்டிறது? விழுந்தா உள்ளுக்குப் போயிடும். கொஞ்ச நாளிலை உக்கி அதுக்கே பசளையாப் போகும். குளிக்கிற தண்ணி உதுக்குப் போகுது. அதைவிட எனக்கு ஒரு அலுவலும் இல்லை."

"வெயில் வேண்டாமோ?"

"வெயில் பட்டாத்தான் அதுக்குச் சுகமில்லை. நிழலும் ஈரமும் கண்டுதெண்டா ஓடும். ஆனா அண்ணை, இப்பவே சொல்லிப்போட்டன், இடம் குடுத்தா நிக்காது. போன மாரிக்குக் குசினி வாசல் மட்டும் வந்திட்டுது."

"ஓடட்டும்," என்றார் சீவரத்தினம். அவருடைய குரலில் ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு உசார் இருந்தது.

முன் முற்றத்தில் கைவைத்தால் மனிசி விடமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் வீட்டின் பின்பக்கத்தில், கோடிக்குள், அவள் கண் எட்டாத இடத்தில் தொடங்கினார். அங்கே வளர்ந்து நிலத்தை மூடின பிறகு அவளைக் கூப்பிட்டுக் காட்டலாம், பாரும், இலையே தெரியவில்லை என்று சொல்லலாம், அவள் இறங்கி வருவாள். இதுதான் திட்டம். ஆம்பிளைகளின் திட்டம் அப்படித்தான் இருக்கும். முதல் படியும் கடைசிப் படியும் தெரியும், நடுவில் மனிசி என்ன சொல்லுவாள் என்பது மட்டும் தெரியாது.

வேலையைச் சும்மா சொல்லக்கூடாது, வலு திறமாகச் செய்தார். கிடந்த சருகை எல்லாம் வாரி ஒதுக்கினார். மாமர வேர் அறுபடாமல் மண்ணை மேலாகக் கொத்தினார். உக்கின மாட்டெருவை அரித்துப் போட்டுக் கலந்தார். கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் தெருப்பக்கம் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அதை மறித்து ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிக் கோடிக்குள் திருப்பினார். குணம் கொடுத்த கொடியைக் கணுவுக்குக் கணு நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் வேரும் இரண்டு இலையும் இருக்கும்படி பிரித்து வாளித் தண்ணீரில் போட்டார். பிறகு இரண்டு முளை அடித்து, கயிறு பிடித்து, சாணுக்கு ஒன்றாக நட்டார். கீரைக்கு என்ன கயிறு என்று நீங்கள் கேட்கலாம். கயிறு பிடிக்காமல் அவர் வாழ்க்கையில் ஒன்றும் நட்டதில்லை.

"கோடிக்குள்ளை என்ன செய்யிறியள்?" என்று விறாந்தையிலிருந்து சத்தம் வந்தது.

"வாழைக்குத் தண்ணி கட்டிறன்!"

"வாழையைப் போன வருசமெல்லோ தறிச்சது?"

"குட்டி வந்திருக்கு!"

முதல் கிழமை எல்லாம் வாடிக் கிடந்தது. காலையும் பின்னேரமும் வாளியால் அள்ளித் தெளித்தார். பத்தாம் நாள் ஐந்து சதக் காசு அளவில் ஒரு புது இலை. அதற்குப் பிறகு நூல் மாதிரி ஒரு சிவப்புக் கொடி வெளிக்கிட்டு, ஒரு சாண் போய், நிலத்தைத் தொட்ட இடத்தில் வேர் விட்டு, அங்கே ஒரு இலை. அதிலிருந்து இன்னொரு கொடி. அவருக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. காலையில் தேத்தண்ணீரைக் குடிக்காமல் கோடிக்குள் போய்க் குந்திக்கொண்டு பார்ப்பார்.

ஐப்பசியில் முதல் பிடுங்கல். ஒரு பிடி கிள்ளி வந்து, குருணலாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, தேசிக்காய் விட்டுச் சம்பல் செய்தார். மனிசி விழுந்ததிலிருந்து குசினியும் அவர் கையில்தான். செல்வநாயகி சோற்றோடு பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள். கன நாளைக்குப் பிறகு இரண்டாம் தரம் சோறு கேட்டாள்.

"உப்பு மட்டா இருக்கு. ஆர் தந்தது வல்லாரை?"

"குணம்." அது முழுப் பொய்யும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு."

"ஞாபகசக்திக்கும் நல்லதெண்டு சொல்லுவினம்."

"எனக்கு மறக்கிறதுக்குத்தான் மருந்து வேணும்," என்று சொல்லிவிட்டு அவள் கையைக் கழுவப் போனாள். விழுந்ததைச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு மழை பிடித்தது. மாரி மழை. இரவும் பகலும் ஓட்டால் ஊற்றி, தாவாரம் முழுக்க ஈரம். வல்லாரை தலைகால் தெரியாமல் ஓடத் தொடங்கியது. கோடியை மூடி, சருகை விழுங்கி, வடக்குச் சுவரோரம் திரும்பி, தாவாரத் தண்ணீர் விழுகிற கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது. சீவரத்தினம் ஓரத்தைக் கிள்ளி நிறுத்தியிருக்கலாம். மழைக்குள் தடிமன் பிடித்து நாலு நாள் படுத்துவிட்டார். கார்த்திகை பிறந்து மழை ஓய்ந்த ஒரு காலையில் வீடு அதிர ஒரு சத்தம் கேட்டது.

"இஞ்சாருங்கோ! உது என்ன உது?"

அவர் ஓடிப்போய்ப் பார்த்தார். வீட்டு மூலையைச் சுற்றிக்கொண்டு, முன் முற்றத்து மணலில், ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை.

"வல்லாரை," என்றார்.

"அது எனக்குத் தெரியாதே? என்ரை முத்தத்திலை அதுக்கு என்ன வேலை?"

சீவரத்தினம் எல்லாவற்றையும் சொன்னார். குணத்தின் கிணற்றடி, காணாமல் போன பிலா இலை, கோடி, வாய்க்கால். சொல்லச் சொல்ல அவருக்கே சந்தோசம் வந்தது. "இனி உமக்கு இலைக் கவலை இல்லை. விழுறது விழட்டும். அது மூடிப்போடும்."

செல்வநாயகியின் முகம் வெளிறிப்போய்விட்டது.

"முத்தத்திலை பச்சை நிண்டா அது வீடே? போறவன் வாறவன் ஆளில்லாத வளவெண்டெல்லோ நினைப்பான். எனக்கு உதைக் கண்ணிலை காட்டப்படாது. இண்டைக்கே செருக்கிப் போடுங்கோ."

"சரியப்பா, நாளைக்கு."

உழவாரத்தை எடுத்து வேரோடு சுரண்டி எறிய ஒரு மணித்தியாலம் போதும். அவருக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம் தண்ணீர் விட்ட கை. நாளைக்கு என்றார், அடுத்த நாள் நாரி பிடித்திருக்கிறது என்றார், அதற்கடுத்த நாள் உழவாரத்தைக் காணவில்லை என்றார். வல்லாரை அந்த மூன்று நாளும் சும்மா இருக்கவில்லை.

நாலாம் நாள் காலை அவர் கிணற்றடியில் சவுக்காரம் போட்டுக்கொண்டு நின்றார். முன்பக்கம் டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். அது வோக்கர் படியில் இறங்குகிற சத்தம் என்று விளங்கவே சவுக்காரத்தை எறிந்தார். நுரையோடு ஓடினார்.

செல்வநாயகி மூன்று படியும் இறங்கி மணலில் நின்றாள். இடது கை வோக்கரில். வலது கையில் முருங்கைக்காய் பறிக்கிற கட்டைக் கொக்கத்தடி. குனியக்கூடாது என்பது டொக்டர் சொன்னது, அவள் குனியவில்லை. நிமிர்ந்து நின்றபடியே கொக்கத்தை வல்லாரைக்குள் விட்டு, கொடியில் மாட்டி, ஒரு இழுவை இழுத்தாள். கொடி வேரோடு வந்தது. "கோதாரியிலை போவார்," என்று அவள் சொன்னது வல்லாரைக்கா புருசனுக்கா தெரியவில்லை. ஒரு அடி முன்னுக்கு வைத்தாள். இன்னொரு இழுவை.

வேலைக்கு வெளிக்கிட்ட தனுஷிகா படலைக்கு மேலால் இதைக் கண்டுவிட்டு, ஸ்கூட்டியை அப்படியே விட்டுவிட்டு வேலியோரமாக வந்து அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கிள், கிட்டப் போகாதேங்கோ. கதையாதேங்கோ."

"விழுந்திடுவா பிள்ளை!"

"விழமாட்டா. கோவத்திலை நிக்கிறா. எவ்வளவு நல்லா நிக்கிறா, பாருங்கோ!"

ஏழு அடி. தனுஷிகா எண்ணினாள். ஏழாவது அடியில் செல்வநாயகி மூச்சு வாங்க நின்று, "ஆராவது ஒரு கதிரையைக் கொண்டு வாங்கோ, என்ன புதினம் பாக்கிறியள்?" என்று கத்தினாள். சீவரத்தினம் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் இடுப்புத் துண்டு அவிழப் பார்த்தது.

அன்றிலிருந்து காலையும் பின்னேரமும், முந்தி அவள் விளக்குமாறு எடுத்த அதே நேரங்களில், கொக்கத்தடியோடு சண்டை. பத்து அடி. பதினைந்து அடி. பிடுங்கிய கொடிகளைக் கதிரையில் இருந்தபடி எண்ணாமல் வைவாள். பிடுங்கியதில் நல்ல இலையை ஆய்ந்து சம்பலுக்கு எடுத்து வைக்கவும் மறக்கமாட்டாள். இரவில் கால் உளைகிறது என்று தைலம் கேட்டாள். காலையில் அவருக்கு முதல் எழும்பினாள்.

ஒரு கிழமையில் முன் முற்றத்துப் பச்சை முடிகிற கட்டத்துக்கு வந்தது. சீவரத்தினத்துக்கு அந்தரமாய்ப் போயிற்று. பிடுங்க ஒன்றும் இல்லையென்றால் மனிசி பழையபடி கதிரையில் ஏறிவிடுவாள். மத்தியானம் அவள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் கோடிக்குள் போனார், ஒரு வாளிக் கொடியைக் கிளப்பினார். அவள் பிடுங்கி முடித்த இடத்துக்கு அப்பால், பிலாவடி வரைக்கும் நட்டார். இரண்டு நாளில் அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு பிலாவடிக்கு வந்தாள். அவர் பிலாவிலிருந்து படலையடி மாமரத்துக்கு நட்டார். குழந்தைக்குச் சோறு தீத்துகிறவர்கள் நிலாவைக் காட்டிக் காட்டி நடத்திக்கொண்டு போவார்களே, அப்படித்தான் எழுபது வயதில் அந்த மனிசன் வல்லாரையைக் காட்டிக் காட்டிப் பெண்சாதியை நடத்தினார்.

ஒரு பின்னேரம் செல்வநாயகி பிலாவடியில் நின்று கன நேரம் நிலத்தைப் பார்த்தாள். கொக்கத்தடி அசையவில்லை.

"இஞ்சாருங்கோ. ஒருக்கா இஞ்சை வாங்கோ."

"என்ன?"

"வல்லாரை தன்ரை பாட்டிலை ஓடினா வளைஞ்சு நெளிஞ்சுதானே ஓடும்?"

"ஓம்."

"உது ஏன் கயிறு பிடிச்ச மாதிரி நேரா வருது?"

சீவரத்தினம் மாமரத்தைப் பார்த்தார். அவள் கொக்கத்தடியின் நுனியால் ஒவ்வொன்றாய்த் தொட்டாள்.

"சாணுக்கு ஒண்டு. சாணுக்கு ஒண்டு. சாணுக்கு ஒண்டு. இது தோட்டம் செய்து பழகின வல்லாரையாக்கும்!"

கள்ளமாக நடுகிறவன் கோணல்மாணலாக நட வேண்டும் என்று அவருக்கும் தெரியும். நட்டும் பார்த்தார். கை கேட்கவில்லை. இரண்டு கொடியைக் கோணலாக ஊன்றினால் மூன்றாவது தானாக நேருக்கு வந்து நின்றது. நாற்பத்தைந்து வருடத்துக் கை, அதற்குக் களவு பழக்கமில்லை.

"ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"நீர் நடக்கிறீர்."

"நடக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?"

"மூண்டு மாசம் கேட்டனான்."

அவர் கதிரையைக் கொண்டுவந்து வைத்தார். இருந்தாள். மரத்துக்கு மேல் கிளிகள் கத்திக்கொண்டு போயின. பேசத் தொடங்கும்போது அவள் குரலில் கோபம் இருக்கவில்லை.

"உங்களுக்கு ஒண்டு தெரியாது. தொண்ணூத்தாறு சித்திரையிலை, சண்டைக்கு இடம்பெயர்ந்து போயிருந்த கொடிகாமத்திலை இருந்து திரும்பி வரேக்கை, நீங்கள் சைக்கிளிலை சாமானைக் கட்டிக்கொண்டு பிந்தி வந்தனீங்கள். நான்தான் முதல் வந்து படலையைத் திறந்தனான்."

"ஓம், தெரியும்."

"ஊரோடை எல்லாரும் வெளிக்கிட்ட அண்டைக்கு என்ரை ஐயா வரமாட்டன் எண்டு நிண்டவர் எல்லோ. நான் இருந்து வீட்டைப் பாக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ எண்டு சொன்னவர். அவர் இருந்தா முத்தத்திலை ஒரு புல்லு நிக்க விடுவாரே? நான் படலையைத் திறக்கிறன், முழங்காலளவுக்குப் பச்சை. முத்தம் முழுக்கப் பச்சை. வீட்டுக்குள்ளை போக முதலே எனக்கு விளங்கீட்டுது. பிறகு நீங்கள் வந்து 'மாமா, மாமா' எண்டு கூப்பிட்டுக்கொண்டு உள்ளுக்கு ஓடினியள். நான் கூப்பிடேல்லை. நான் அந்தப் புல்லைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

மாமனாரைக் கண்டெடுத்ததும், எலும்பைக் கட்டிக் காடாத்தினதும் சீவரத்தினத்துக்குத் தெரியும். அந்தப் புல் அவளுக்கு என்ன சொன்னதென்று தெரியாது. அன்று பின்னேரமே, கைக்குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு அவள் வெறிபிடித்தவள் மாதிரி முற்றத்தைப் பிடுங்கிக் கூட்டியது ஞாபகம் வந்தது. துக்கத்தில் செய்கிறாள் என்று நினைத்தார். அதற்குப் பிறகு முப்பது வருடம் விளக்குமாறும் கையுமாகத் திரிந்தவளை, ஆட்களுக்கு முன்னால் எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பார்! அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

நேரே போய், காணாமல் போன உழவாரத்தை விறகுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். மாமரத்தடியில் குந்தி, தான் நட்ட வரிசையைத் தொங்கலிலிருந்து செருக்கத் தொடங்கினார். நாலு போயிற்று. ஐந்து போயிற்று.

"நிப்பாட்டுங்கோ."

"இல்லை. எல்லாத்தையும் செருக்கிப் போடுறன். கோடிக்குள்ளையும் ஒண்டும் விடமாட்டன். எனக்குத் தெரியாதப்பா. தெரிஞ்சிருந்தா நட்டிருப்பனே?"

"நிப்பாட்டுங்கோ எண்டெல்லோ சொல்லிறன்! முழுக்கச் செருக்கினா, நாளைக்கு நான் என்னத்துக்கு இறங்கிறது?"

சீவரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டை ஒரு பக்கமாய் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு நிண்டது தானா முளைச்ச பச்சை," என்றாள். "உது சாண் போட்டு நட்ட பச்சை. ஆளிருக்கிற வீட்டிலைதான் உப்பிடி விசர் வேலை நடக்கும்."

பிறகு வோக்கரைக் கிட்ட இழுத்து எழும்பினாள். கொக்கத்தடி கதிரையில் சாத்தினபடி நின்றது. அதை அவள் எடுக்கவில்லை. வல்லாரை வரிசையைத் தாண்டி, அவரையும் தாண்டி, மாமரத்தையும் தாண்டிப் போனாள். அவர் உழவாரத்தோடு பின்னால் போனார். எங்கே என்று கேட்க வாய் வந்து அடக்கிக்கொண்டார். அவள் படலைக் கொளுக்கியை நீக்கினாள். தள்ளினாள். ஒழுங்கைக்கு இறங்கி, தார் விளிம்பில் வோக்கரை வைத்தாள். ஆடி மாதம் வான் வண்டியில் படுத்தபடி வந்தபிறகு அவள் ஒழுங்கையைக் காண்பது அன்றைக்குத்தான். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நாலு அடி வைத்தாள்.

"இஞ்சாருங்கோ. கால் நடுங்குது."

அவர் உழவாரத்தைப் போட்டுவிட்டு அவளுடைய கையைப் பிடித்தார். கோயிலுக்குப் போனாலும் செத்தவீட்டுக்குப் போனாலும் பத்தடி முன்னுக்குப் போய்ப் பழகின மனிசன் அவர். அந்த ஒழுங்கையில், நாலு பேர் பார்க்க, இரண்டு பேரும் கைபிடித்து நின்றது கலியாணத்தன்றுகூட இல்லை. நேரம் பார்த்துத்தானா வரவேண்டும், ரியூசன் வகுப்புக்குப் போகிற பெட்டைகள் ஐந்தாறு பேர் சைக்கிளில் வந்தார்கள். ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள், மற்றவள் வாயைப் பொத்தினாள், கடைசியாய் வந்தவள் தேவையில்லாமல் மணி அடித்தாள்.

"என்ன பல்லைக் காட்டிறியள்? பிந்தப்போகுது, போங்கோ!" என்று செல்வநாயகி சத்தம் போட்டாள்.

ஆனால் கையை எடுக்கவில்லை. முன்னைவிட இறுக்கிப் பிடித்தாள். உழவாரம் பிடித்த கையின் மண் அவளுடைய உள்ளங்கையிலும் ஒட்டியது. நடுக்கம் அடங்குமட்டும் அப்படியே நின்றார்கள். ஒழுங்கையின் முடக்கை அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"முடக்கு மட்டும் எத்தினை அடி வரும்?"

"ஒரு நூறு... நூற்றிருபது வரும்."

"நாளைக்கு அதுமட்டும் போவம்."

சீவரத்தினம் தலையை ஆட்டினார். செல்வநாயகி ஆறுதலாக வோக்கரைத் திருப்பினாள். திரும்பும்போது அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள், மடித்துக் கட்டிய சாறத்தையும் அதில் அப்பிக் கிடந்த மண்ணையும்.

"உந்தச் சாறத்தோடை என்னோடை வரப்படாது," என்றாள். "வேட்டியைக் கட்டிக்கொண்டு வாங்கோ."